இசைக்குக் குலம் விசாரிப்போர்

மெய்யான மெட்டல் இசை எது, போலி எது என்னும் வழக்கு மேலைநாடுகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது. இன்று அவ்வழக்கு பசறையைத் தாண்டி மடுல்சீமைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசி லயத்து அறைகளுக்குள் புகுந்த பின்னர், பேர்மிங்ஹாமிலும் கலிபோர்னியாவிலும் நோர்வேயிலும் பிறந்த ஓசைகள் தேயிலை மலைகளிலும் கேட்கின்றன. உயர்தர வகுப்பு மாணவரும், கொழும்புக்கு வேலை தேடிச் சென்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மலையேறி வரும் இளைஞரும் கூடும் இடங்களில், “இது த்ரஷ், அது டெத், மற்றது மெட்டலே அன்று” என்று தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. பெரியோர்களோ இவை அனைத்தையும் ‘இரைச்சல்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். நம்மவருள்ளும் சிலர், ‘ஏகாதிபத்தியக் கலாசாரச் சீரழிவு’ என்று பெயரிட்டு, அத்துடன் விசாரணையை முடித்துக்கொள்கின்றனர்.

சமுதாயப் பொறுப்புள்ள ஓர் ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். ஒரு கலை மெய்யானதா என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் யாருக்கு உரியது? எந்த அளவுகோல் கொண்டு அத்தீர்ப்பு வழங்கப்படுகிறது? இவை தமிழருக்குப் புதிய கேள்விகள் அல்ல. 1941ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசை மாநாடு கூடியபோது, சென்னை சங்கீத வித்வத் சபையினர் அதனை எதிர்த்து நின்றனர். தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் நடுவே வைக்கலாமா, கடைசியிலே துக்கடாவாக மட்டும் வைக்கலாமா என்பதற்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டது. இந்நாட்டில் 1960களின் தொடக்கத்தில், முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிலே கொண்டுவந்தபோது, பண்டிதர்கள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். இலக்கணம் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு இருவேளையும் பேசப்பட்டது குலமே. மெட்டல் இசையைப் பற்றிய வழக்கிலும் அதே குரல் வேறு உடையில் வந்து நிற்கிறது என்பதே எமது கருத்து. அதனை வரலாற்று அடிப்படையில் சற்று விரிவாகக் காண்போம்.

ஆலையிற் பிறந்த ஓசை

இவ்விசையின் தோற்றத்தைக் கூறுவோர் பெரும்பாலும் 1970ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்து தொடங்குவர். அக்குழு பேர்மிங்ஹாம் நகரின் அஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதியில் 1968இல் உருவாயிற்று. அதன் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் இறைச்சி வெட்டுக் கூடத்திலும், மோட்டார் வாகனங்களின் ஹோர்ன்களைச் சோதிக்கும் வேலையிலும் உழன்றவர். கிட்டார் வாசித்த டொனி அயோமி தகட்டு உலோகத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தார். 17ஆம் வயதில், அவ்வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், இயந்திரம் அவரது வலக்கை நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளைக் கொண்டு சென்றது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் தந்திகளை அழுத்த வேண்டிய கை வலக்கையே.

இனி வாசிக்க முடியாது என்று சோர்ந்திருந்த அவருக்கு, ஆலையின் மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிட்டார் கலைஞரின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ரைன்ஹார்ட், ஐரோப்பா எங்கணும் ஒதுக்கி வைக்கப்பட்ட நாடோடி ரோமா இனத்தவர். தீயிற் கருகிய கையின் இரு விரல்களைக் கொண்டே வாசித்துப் புகழ் பெற்றவர். அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குக் கூடு செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971ஆம் ஆண்டின் மூன்றாவது இசைத்தட்டில் தந்திகளின் சுருதியையும் தாழ்த்தினார். விரலுக்கு அது எளிதாயிற்று. ஒலிக்கோ கனம் கூடிற்று. இன்று மெட்டல் இசையின் இலக்கணமாகக் கற்பிக்கப்படும் ‘கனத்த ஒலி’யின் ஒரு பகுதி, பாதுகாப்பற்ற ஓர் இயந்திரம் தொழிலாளி ஒருவனின் கையைக் கடித்ததன் விளைவு.

அதன் இசை அமைப்பையும் சற்று நோக்குதல் வேண்டும். மின்பெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றும்போது அலையின் முகடுகள் வெட்டுண்டு, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பல பிறக்கின்றன. இவ்வாறு முறுக்கப்பட்ட ஒலியிலே பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் குழப்பமே மிஞ்சும். எனவே மெட்டல் கலைஞர் பெரிதும் சட்சம், பஞ்சமம் என்னும் இரண்டையே இணைத்து மீட்டுவர். பழந்தமிழர் குரல், இளி என்று வழங்கிய அதே இணைதான் அது. பிளாக் சபாத்தின் பெயரையே தாங்கிய முதற் பாடலோ சட்சத்தையும் பிரதி மத்திமத்தையும் எதிரெதிர் நிறுத்துகிறது. ஐரோப்பிய இசை இலக்கணத்தார் அவ்விடைவெளியை ‘இசையிலுள்ள சாத்தான்’ என்று அழைத்தனர். நம் இசையிலே அதே சுரத்தைக் கொண்டு கல்யாணி பாடுகிறோம். எந்தச் சாத்தானும் வரவில்லை. ஒரு சுரத்தை விலக்குவதும் ஏற்பதும் இயற்கையின் கட்டளை அன்று. மனிதர் செய்துகொண்ட வழக்கம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னும் ஓர் உண்மை உண்டு. மெட்டலைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்டவர்கள் அதனை மறந்துவிட்டனர். பிளாக் சபாத் குழுவினர் தொடக்கத்தில் வாசித்தது ப்ளூஸ் இசை. அந்த ப்ளூஸ் எங்கே பிறந்தது? அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியிலே, அடிமை முறை சட்டத்தில் ஒழிந்த பின்னும் குத்தகைக் கடனிற் கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்கள், பருத்தித் தோட்டங்களில் உழைத்துக்கொண்டும் இரவிலே கூடிக்கொண்டும் பாடிய பாட்டு அது. பேர்மிங்ஹாம் ஆலைத் தொழிலாளி தன் துயரைச் சொல்லத் தேடியெடுத்த மொழி, தோட்டத் தொழிலாளியின் மொழியே. கங்காணியின் துண்டு முறையிலே கடன்பட்டு, கண்டிச் சீமைக்கும் ஊவாவுக்கும் நடந்து வந்த நம் முன்னோரின் தெம்மாங்கும் ஒப்பாரியும் அதே வகையான மண்ணில்தான் முளைத்தன. அவற்றைத் தேடித் தொகுத்து 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாகத் தந்தவர் ஸி.வி. வேலுப்பிள்ளை. பருத்தித் தோட்டத்துப் பாட்டு உலகெங்கும் பரந்து பல இசைகளுக்குத் தாயாயிற்று. தேயிலைத் தோட்டத்துப் பாட்டைத் தேடித் தொகுக்கவே தனி மனிதர் ஒருவரின் உழைப்பு வேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பாட்டின் தரமா, சந்தையின் பலமா என்பதை மாணவர் சிந்தித்தல் நன்று.

பெயர்களின் பெருக்கம்

1970களின் இறுதியில், ஆலைகள் மூடப்பட்டு இளைஞர் வேலையற்றுத் திரிந்த பிரித்தானியாவில் புதிய குழுக்கள் பல தோன்றின. 1979இல் ‘சவுண்ட்ஸ்’ என்னும் இசை வாரஇதழ் அவற்றைப் ‘பிரித்தானிய மெட்டலின் புதிய அலை’ என்று அழைத்தது. 1983இல் மெட்டலிக்காவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது வேகத்தையே உயிராகக் கொண்ட த்ரஷ் மெட்டல் கலிபோர்னியாவில் நிலைபெற்றது. 1980களின் நடுவிலும் பிற்பகுதியிலும் அடித்தொண்டை உறுமலைக் கொண்ட டெத் மெட்டல் அமெரிக்காவில் எழுந்தது. 1982இல் வெனம் என்னும் ஆங்கிலக் குழு தன் இசைத்தட்டுக்கு இட்ட பெயரிலிருந்து பிளாக் மெட்டல் என்ற பெயர் பிறந்து, 1990களின் தொடக்கத்தில் நோர்வேயில் வேறு உருவம் கொண்டது. மெதுவாக நகரும் டூம், நாட்டார் கருவிகளைச் சேர்த்த ஃபோக், துள்ளிசைத் தாளத்தைக் கலந்த நியூ மெட்டல் என்று பெயர்கள் இன்று எண்ணற்கரியன.

பெயரிடுதல் குற்றமன்று. வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என்று பாவை வகுத்த மரபினர் நாம். வகைப்படுத்தல் அறிவின் முதற்படி. செவிக்குப் பயிற்சி தருவதும் அதுவே. த்ரஷ் எது, டூம் எது என்று பிரித்தறியும் மாணவன் ஒருவன், தாளத்தின் நடையையும் சுரத்தின் கனத்தையும் கவனிக்கக் கற்றுக்கொண்டான் என்பதே பொருள். அத்திறனை ஆசிரியர் ஏளனம் செய்தல் கூடாது.

ஆயினும், வகை என்பது வருணனையாக இருக்கும்வரைதான் அறிவு. அது பிறப்புரிமையாக மாறும்போது சாதியாகிறது. மெட்டல் உலகில் இம்மாற்றம் விரைவாகவே நிகழ்ந்தது. மனோவார் என்னும் அமெரிக்கக் குழு ‘போலி மெட்டலுக்குச் சாவு’ என்பதைத் தன் போர்முழக்கமாகவே கொண்டது. முகத்துக்கு வண்ணம் தீட்டிய லொஸ் ஏஞ்சல்ஸ் குழுக்களை மற்றவர் ‘வேடதாரிகள்’ என்றனர். 1991இல் மெட்டலிக்கா தன் வேகத்தைக் குறைத்தபோது, முன்னாள் அன்பர்களே துரோகம் என்று கூவினர். நியூ மெட்டல் வந்தபோது, கறுப்பின இளைஞரின் துள்ளிசைத் தாளம் அதிற் கலந்திருப்பதே அதனைத் தள்ளிவைக்கப் போதுமான காரணமாகச் சிலருக்குப் பட்டது. கறுப்பின மக்களின் ப்ளூஸிலிருந்து பிறந்த இசையைக் கறுப்பின மக்களின் இன்னோர் இசை கெடுத்துவிட்டது என்ற இவ்வாதத்தின் விந்தையை என்னென்பது!

இத்தகைய தீர்ப்புகளின் ஆட்டத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஆண்மை பற்றிய பேச்சு. தோலாடையும் இரும்பு முட்களும் அணிந்த கோலமே மெட்டலின் வீரக்கோலம் என்று கருதப்பட்டது. அக்கோலத்தை 1970களின் இறுதியில் மேடையேற்றி நிலைநாட்டியவர் ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் பாடகர் ரொப் ஹல்போர்ட். தாம் தற்பாலீர்ப்புடையவர் என்பதை அவர் 1998இல் வெளிப்படையாக அறிவித்தார். ‘ஆண்களின் இசை’ என்று கூறிப் பெண்களையும் பிறரையும் வாசலிலே நிறுத்தியோர், தாம் அணிந்திருந்த சீருடையின் வரலாற்றையே அறியாதிருந்தனர்.

இசைத்தட்டு வணிகத்துக்கும் இதிலே பங்குண்டு. வகைப்பெயர் கடையின் அடுக்குப் பலகைக்கும் பெயராயிற்று. ‘உன் இசை இது; மற்றது உனதன்று’ என்று சொல்லப்பட்ட இளைஞன் அதே அடுக்கிலிருந்து மீண்டும் மீண்டும் வாங்குவான். வணிகத்தை வெறுப்பதாக முழங்கிய தூய்மைவாதியே அதற்கு உண்மையான வாடிக்கையாளனாகிறான்.

தூய்மையும் தீயும்

இதெல்லாம் இளைஞரின் பொழுதுபோக்குச் சண்டைதானே என்று எண்ணுவோர் நோர்வேயின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அங்கே 1990களின் தொடக்கத்தில் பிளாக் மெட்டல் குழுக்கள் சில, டெத் மெட்டல் விலைபோய்விட்டது என்றும், உண்மையான இருள் தம்மிடமே உள்ளது என்றும் கூறிக்கொண்டன. தூய்மையை நிறுவும் போட்டி இசையோடு நிற்கவில்லை. 1992இல் பேர்கன் நகருக்கு அண்மையிலுள்ள பழமைவாய்ந்த ஃபன்டொஃப்ட் மரத் தேவாலயம் தீக்கிரையாயிற்று. வேறு பல தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. 1993 ஓகஸ்டில், மேஹெம் குழுவின் கிட்டார் கலைஞர் ஒய்ஸ்டைன் ஓர்செத் கொலையுண்டார். பர்ஸும் என்ற பெயரில் இசை வெளியிட்டுவந்த வர்க் விகர்னெஸ் அக்கொலைக்காகவும் தேவாலயங்கள் சிலவற்றை எரித்தமைக்காகவும் 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் அவர் வெளிப்படையாக இனவாதக் கருத்துகளைப் பரப்பினார். நாஜிக் கொள்கையையே உள்ளடக்கமாகக் கொண்ட ஒரு கிளையும் அவ்விசையில் முளைத்தது.

இங்கேதான் உருவத்தை மட்டும் அளக்கும் அளவுகோல் கையறு நிலை எய்துகிறது. கீச்சிடும் குரல் இருக்கிறதா? விடாது அதிரும் தந்தி இருக்கிறதா? மெருகற்ற ஒலிப்பதிவு இருக்கிறதா? இருந்தால் அது ‘மெய்யான’ பிளாக் மெட்டல். பாடுவோன் யாரைக் கொல்ல விரும்புகிறான் என்ற கேள்வி அவ்விலக்கணத்தில் இல்லை. “இசையைக் கேள், அரசியலை விடு” என்று கூறுவோர் மெட்டல் அன்பரிடையே இன்றும் உளர். கலை கலைக்காகவே என்ற பழைய சுலோகம், முடி வளர்த்துக் கறுப்புச் சட்டை அணிந்து வந்தாலும் அதன் வேலை ஒன்றே.

1983 ஜூலையில் பதுளை நகரிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அத்தீயை நேரிற் கண்டோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஒரு மக்களின் வழிபாட்டிடமோ வாழ்விடமோ எரிவதை அழகுப் பொருளாக்கும் கலையை ஊவாவின் இளைஞன் வெறும் ‘சூழல்’ என்று சுவைத்துவிட்டுப் போக முடியாது. அவனுக்குத் தீ என்பது இசைத்தட்டின் அட்டைப்படம் அன்று.

நிற்க. உள்ளடக்கத்தை மட்டும் அளந்தால் போதுமா? அதுவும் போதாது. நம் முகாமைச் சேர்ந்த திறனாய்வாளர் சிலர் பாட்டின் சொற்களை எடுத்து நிறுத்துப் பார்த்து, போராட்டம் இருந்தால் முற்போக்கு, பேய் இருந்தால் பிற்போக்கு என்று முடிவுகட்டுகின்றனர். பிளாக் சபாத்தின் பாட்டிலே பேய் உண்டு; 1970இன் பிற்பகுதியில் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டிலே, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளும் தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் சாடும் பாட்டும் உண்டு. இரண்டையும் ஒரே ஒலிதான் சுமந்தது. அந்த ஒலியின் கனமே ஆலைத் தொழிலாளியின் அனுபவம். சொல் சொல்லாததை ஒலி சொல்லும் என்பதை ஒப்பாரி கேட்டு வளர்ந்த நாம் அறிவோம். தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்றழைக்கும் தேயிலை ஆலையின் சுழலும் சக்கரங்களுக்கு அஞ்சி, ‘ரோதைமுனி’ என்று ஒரு தெய்வத்தையே படைத்து வழிபட்ட மக்களின் பிள்ளைகள், இயந்திரத்தின் அச்சத்தை இசையாக்கிய இன்னொரு நாட்டுத் தொழிலாளியைப் புரிந்துகொள்வதில் வியப்பில்லை.

நால்வரை அளத்தல்

இனி, நமக்கு அண்மையிலுள்ள குழுக்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம்.

சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ருத்ரா, டெத் மெட்டல் இசையோடு சம்ஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இணைத்தது. அதற்கு ‘வேத மெட்டல்’ என்ற பெயர் வழங்குகிறது. வட ஐரோப்பியரின் பழந்தெய்வங்களையே மெட்டல் பாட வேண்டுமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. கலைத்திறனிலும் அவர்கள் குறைந்தவர் அல்லர். ஆனால் வேரைத் தேடிச் சென்றவர்கள் எந்த வேரைக் கண்டெடுத்தனர் என்பதையும் நாம் கேட்க வேண்டும். பெரும்பாலான மக்களின் காதுக்கு எட்டாமற் காக்கப்பட்ட மறையே ‘நமது மரபு’ என்று முன்வைக்கப்படும்போது, துறைமுகத்திலும் இரப்பர்க் காட்டிலும் உழைத்தவர்களின் பாட்டு மரபு மீண்டும் ஒருமுறை வெளியே நிற்கிறது.

கொழும்பின் ஸ்டிக்மாட்டா 2003இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. போர்க்காலத்திலே, இசைத்தட்டு நிறுவனங்களின் ஆதரவு அரிதான ஒரு நாட்டிலே, இவ்விசையை இருபது ஆண்டுகளுக்கு மேலாக விடாது வளர்த்தமை பாராட்டுக்குரியது. அவர்கள் பாடும் மொழி ஆங்கிலம். தோட்டத்து இளைஞனை அவர்களின் ஒலி எட்டுகிறது, சொல் எட்டுவதில்லை. இது தனி ஒரு குழுவின் குறையன்று. இந்நாட்டின் கல்வியும் நகரமும் மொழியும் வர்க்க அடிப்படையிலே பிளவுண்டு கிடப்பதன் எதிரொலி.

புது டில்லியின் பிளடிவுட் கேலிப் பாடல்களிலே தொடங்கி, 2022இல் ‘ரக்ஷக்’ என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தது. ஹிந்தி, பஞ்சாபி, ஆங்கிலம் ஆகிய மொழிகளும் டோலும் குழலும் அதிற் கலந்தன. பாலியல் வன்முறை, ஊழல் அரசியல் முதலியவை பாடுபொருள்கள். தூய்மைவாதிகள் அதனை வேடிக்கை என்றனர். தெருமொழியிலே தெருவின் கோபத்தைச் சொன்னமை அதன் வலிமை. மேலைநாட்டு விழா மேடைகள் ‘இந்திய விநோதம்’ என்று அதனைச் சுவைக்கத் தொடங்கும்போது, அக்கோபம் அலங்காரமாகிவிடும் ஆபத்தும் உண்டு.

நான்காவது குழு ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவிலே கருட் என்னும் பகுதியின் கிராமப்புறப் பாடசாலையொன்றில், 2014இல், மூன்று மாணவியர் சேர்ந்து தொடங்கிய குழு ‘வொய்ஸ் ஒப் பாச்செப்ரொத்’. பாச்செப்ரொத் என்பதற்கு அவர்களது சுண்டா மொழியில் இரைச்சல் என்பது பொருள். இவ்விசையை அவர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் பாடசாலையின் ஆசிரியர் ஒருவரே. முக்காடு அணிந்த பெண்கள் இதனை வாசிக்கலாகாது என்று மதப் பழமைவாதிகள் எதிர்த்தனர். பெண்களுக்கு இவ்விசை ஏன் என்று வேறு சிலர் இகழ்ந்தனர். 2024இல் அவர்கள் இங்கிலாந்தின் கிளஸ்டன்பரி இசை விழாவிலே வாசித்த முதல் இந்தோனேசியக் குழுவாயினர். அவர்களது இசை எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று வகைபிரிப்போர் இன்னும் வாதிடட்டும். பாட உரிமை இல்லை என்று சொல்லப்பட்ட மூவர், சொன்னவர்களின் செவிகேட்கப் பாடினர். அயோமியின் விரற்கூட்டுக்கு உண்மையான வாரிசுகளைத் தேடுவோர் கருட்டிலும் தேடுதல் வேண்டும்.

தப்பின் வழக்கு

மெட்டலைப் பற்றி நம் இளைஞர் நடத்தும் இவ்வழக்கு, நம் வாசலிலே கிடக்கும் வேறொரு வழக்கை நினைவூட்ட வேண்டும். மரச்சட்டத்திலே மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நெருப்பிலே காய்ச்சிச் சுருதி ஏற்றி, நீண்ட மெல்லிய குச்சியாலும் குறுந்தடியாலும் அடிக்கப்படும் தப்பு, மலையகத் தோட்ட வாழ்வின் முதன்மையான வாத்தியம். விடியற்காலையிலே தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும் அதுவே. மாசி, பங்குனியிலே காமன் கூத்தை நடத்துவதும், சாமியை அழைப்பதும், பிணத்தின் முன் நடப்பதும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. வகைப்பாட்டை விரும்பும் மாணவருக்கு மடுல்சீமையிலேயே பெரிய பாடநூல் ஒன்று இருக்கிறது.

ஆனால் அந்த வாத்தியத்தைச் சங்கீதம் என்று நம் சபைகள் எத்தனை காலம் ஏற்றன? அடிப்பவனின் சாதியைக் கொண்டே ஒலியின் தரம் முடிவு செய்யப்பட்டது. துரையின் கடிகாரமாகவும் ஊரின் ஊழியமாகவும் சுமத்தப்பட்ட அக்கருவியைச் சுயமரியாதையுள்ள இளைஞர் பலர் கீழே வைத்தனர். அவர்கள் வைத்தது நியாயமே. பின்னர், இழிவின் சின்னமாக்கப்பட்டதையே எதிர்ப்பின் சின்னமாக்கி, வேறு இளைஞர் மேடையில் எடுத்தனர், அதுவும் நியாயமே. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களின் கையிலே பறையைக் கொடுத்தபோது, ஆணின் தோளிலே மட்டும் தொங்கிய கருவி பெண்ணின் இடுப்பிலும் ஏறியது.

இன்று இங்கும் ‘மெய்யான தப்பு எது?’ என்ற விசாரணை தொடங்கியிருக்கிறது. செயற்கைத் தோல் பூட்டினால் அது தப்பன்று; மேடையிலே அடித்தால் அது தப்பன்று; பெண் அடித்தால் அது தப்பன்று என்கின்றனர். மரபைக் காக்கும் நல்லெண்ணம் சிலரிடம் இருக்கலாம். ஆயினும், இழவுக்கு அடிக்க ஒரு சாதியே வரவேண்டும் என்ற கட்டளையை மாற்றாது, தோல் மாறக்கூடாது என்று மட்டும் வற்புறுத்தும் தூய்மை யாருக்குப் பயன்படுகிறது? கருவியைக் காத்து மனிதனைக் கைவிடும் மரபுப்பற்று, மனோவாரின் போர்முழக்கத்தினும் எவ்வகையிலும் உயர்ந்ததன்று.

கலப்பினால் ஒரு பாட்டு போலியாகிவிடாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. கோ. நடேசய்யருடன் தோட்டம் தோட்டமாகச் சென்ற மீனாட்சி அம்மை, 1930களிலும் 1940களிலும், மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுகளில் தொழிலாளரின் துயரையும் உரிமையையும் பாடினார். அப்பாடல்களை அச்சிட்டும் பரப்பினார். மெட்டு இரவல்தான். அதற்காக அப்பாடல்களை எந்தத் தொழிலாளி போலி என்றான்? கூட்டத்திலே கேட்டவர்கள் தம் வாழ்வை அதிலே கேட்டனர். அந்த ஒப்புதலுக்கு மேற்பட்ட சான்றிதழ் எந்தச் சபையிடமும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

அவ்வாறாயின் அளவுகோலே வேண்டாமா? வேண்டும். எல்லாம் நன்று என்பதும் திறனாய்வு ஆகாது. ‘இது எந்தக் கிளை?’ என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், மேலும் மூன்று கேள்விகளை நம் மாணவர் கேட்கப் பழக வேண்டும். இந்த ஒலி எந்த வாழ்க்கையின் தேவையிலிருந்து பிறந்தது? இது யாரை விளித்துப் பேசுகிறது? இதன் கோபம் மேல்நோக்கிப் பாய்கிறதா, தன்னினும் நலிந்தவன்மீது இறங்குகிறதா? இக்கேள்விகளுக்கு விடைகாணச் செவியும் வேண்டும், வரலாறும் வேண்டும். தந்தியின் நடையை அறியாதவன் முதற் கேள்விக்கே விடை காணான். ஆலையையும் தோட்டத்தையும் அறியாதவன் மூன்றாவதற்கு விடை காணான்.

இவ்வாறு அளந்தால், நோர்வேயின் இனவாதக் குழு இலக்கணத்திலே நிறைந்து நின்றும் வீழும். கருட்டின் மாணவியர் இலக்கணம் சற்றுக் கலங்கினும் நிற்பர். பிறந்த நகரை மறந்து பொருள் குவிக்கும் பழைய பெருங்குழுவும் கேள்விக்கு உட்படும். 2025 ஜூலை 5ஆம் நாள், பிளாக் சபாத்தின் நால்வரும் அஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாகக் கூடி வாசித்தனர். அதே மாதம் 22ஆம் நாள் ஒஸ்போர்ன் மறைந்தார். அவரது இறுதி ஊர்வலத்தைக் காணப் பேர்மிங்ஹாம் மக்கள் தெருக்களிலே திரண்டு நின்றனர். தம் தெருவின் ஓசையை உலகறியச் செய்த ஒருவனை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர்.

மலையகத்தில் மெட்டல் இசைக்குழு தோன்றுமா என்று எம்மால் ஆரூடம் கூற இயலாது. தோன்றினால், அதன் முதற் பாட்டைக் கேட்டவுடனே ஒருவர் அதனை இரைச்சல் என்பார். ஒருவர் அது மெட்டலே அன்று என்பார். ஒருவர் அது நம் மரபன்று என்பார். மூவரும் தம் தீர்ப்பைச் சற்று ஒத்திவைத்து, அது கொழுந்துக் கூடையின் கனத்தைச் சுமக்கிறதா, லயத்துக் கூரையிலே கொட்டும் மழையின் ஓசை அதற்குத் தெரியுமா, நாட்கூலிக்காக நிற்கும் தாயின் பக்கத்திலே அது நிற்கிறதா என்று கேட்பார்களாயின் அதுவே நேர்மையான திறனாய்வாகும். அக்கேள்விகளைக் கேட்கும் செவியை வகுப்பறையிலே வளர்ப்பது ஆசிரியர் கடமை. கிட்டாரையும் தப்பையும் ஒரே மேசையில் வைத்து, குலம் விசாரிக்காது இரண்டையும் கேட்கும் துணிவு மாணவர் கடமை. அது கைகூடுமாயின், எது மெய் என்ற வழக்கிலே தீர்ப்புக் கூறும் உரிமை, பாட்டைத் தம் உழைப்பாற் பிறப்பித்த மக்களிடமே திரும்பி வரும்.